நாலு மாதம் தாமதமாக வந்த பீப்பாய்

ஸ்டோர்டால் ஊர் முன்னோடிகள் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் இடப்பக்கச் சுவரில் இருபத்து மூன்று பித்தளைத் தகடுகள் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்தின் பெயரும் அது வந்து சேர்ந்த வருடமும். 1883 டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் இந்தப் புல்வெளியில் வந்து இறங்கியவர்கள் முன்னோடிகள். மறுநாள் காலையில் வந்தவன் சும்மா வந்தவன். அவர்களுக்கெல்லாம் முன்னால் பல நூறு வருடம் இங்கேயே இருந்தவர்களுக்கும் குறை வைக்கவில்லை. கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு கண்ணாடிப் பெட்டியும் அதில் ஏழு அம்புமுனையும் ஒதுக்கியிருந்தார்கள்.

இந்தத் தகடுகளை இருபத்தாறு வருடமாக வாராவாரம் துடைத்து வந்தவள் ஆர்டிஸ் பிராட்டன். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், அருங்காட்சியகத்தின் சம்பளமில்லாத செயலாளர். நுழைவுச்சீட்டுக் கிழிப்பது, பொருள்களுக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டைகளைத் தட்டச்சு செய்வது, எலிப்பொறி வைப்பது, கழிப்பறை கழுவுவது எல்லாம் அவள்தான். அவள் குடும்பத்தின் பெயர் மட்டும் சுவரில் கிடையாது. பிராட்டன் குடும்பம் 1884 ஏப்ரலில் வந்தது. வருகிற வழியில், ஃபார்கோ நகரத்தில், அவளுடைய பாட்டனாரின் தாய் மாரிட்டுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. பச்சைக் குழந்தையைப் பனியில் தூக்கிக்கொண்டு வர முடியாது என்று அங்கேயே குளிர்காலத்தைக் கழித்தார்கள். அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் பொறுப்பு இருந்திருந்தால் பிள்ளையைப் பனியில் விட்டுவிட்டு டிசம்பருக்குள் வந்து சேர்ந்திருப்பாள். பொறுப்பில்லாமல் பிள்ளையைக் காப்பாற்றினாள். நாலு மாதம் தாமதம்.

ஒவ்வொரு ஜனவரியிலும் வருடாந்தரக் கூட்டத்தில் ஆர்டிஸ் எழுந்து, பிராட்டன்களுக்கும் ஒரு தகடு வேண்டும் என்று கேட்பாள். தலைவர் வெர்லின் ஹௌகன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"எனக்கு மட்டும் ஆசையா ஆர்டிஸ்? விதின்னா விதிதான். உனக்குக் கதவைத் திறந்தா நாளைக்கு 1885-காரன் வந்து நிப்பான். அப்புறம் இது முன்னோடி மியூசியமா, சத்திரமா?"

ஒரு தடவை, தகடுதான் இல்லை, பொருளாவது இருக்கட்டும் என்று மாரிட் வெண்ணெய் கடைந்த மரப்பீப்பாயைக் கொண்டுவந்து கொடுத்தாள். இடுப்பளவு உயரம், மூடியில் ஒரு துளை, அதன் வழியாக மத்துக்கோல். வெர்லின் அதைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்மகிட்ட ஏற்கெனவே லாங்செத் பீப்பாய் இருக்கே," என்றார். ஆர்டிஸ் தன் பீப்பாயைக் காரில் ஏற்றித் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோய் அடுக்களை மூலையில் வைத்தாள்.

லாங்செத் என்றால் சாதாரணப் பெயர் இல்லை. சுவரில் முதல் தகடு. 1881. வந்தவர்கள் ஒன்பது குளிர்காலம் தாக்குப்பிடித்தார்கள். பத்தாவது குளிர்காலம் வருகிற சாடை தெரிந்ததும் நிலத்தை விற்றுவிட்டு வெப்பமான ஊர் பார்த்து ஓடிவிட்டார்கள். போகிற அவசரத்தில் பீப்பாயை மறந்துவிட்டார்கள். பிராட்டன்கள் நூற்றி முப்பது வருடமாக இங்கேயே பனி தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் சுவருக்கு வந்த தேதிதான் முக்கியம், போன தேதியை அது கேட்பதில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் ஆர்டிஸுக்கு வயிறு எரியும்.

அந்த வருடக் கோடையில் அருங்காட்சியகத்தின் கூரை ஒழுக ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்று சொல்வது மரியாதைக்கு. ஆறு வருடமாக ஒழுகிக்கொண்டிருந்ததை ஒத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஊரில் தின்று தீர்த்த ஐஸ்கிரீம் வாளிகள் எல்லாம் தரையில் வரிசையாக உட்கார்ந்து சொட்டுச் சொட்டாக வாங்கிக்கொண்டன. மாவட்டக் கட்டட அதிகாரி வந்து பார்த்துவிட்டு, பனி விழுவதற்குள் கூரை மாறவில்லையென்றால் பூட்டுத்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

உடனே ஊர் பொங்கி எழுந்தது. ஜூனில் அப்பக் காலையுணவு நடத்தினார்கள். பெரியவர்களுக்கு ஏழு டாலர், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், சாப்பிட்டார்கள். ஜூலை தொடக்கத்தில் சக்கரம் வைத்த மரக் கழிப்பறைகளைத் தெருவில் தள்ளிக்கொண்டு ஓடும் பந்தயம். நாலு பேர் தள்ள வேண்டும், ஒருவர் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும்; முன்னோர்களின் நினைவை இதைவிட உயர்வாகப் போற்ற முடியாது. அப்புறம், பழம் வைத்துச் சுடுகிற 'பை' பலகாரத்தின் ஏலம். அதில் ஒவ்வொரு கணவனும் தன் மனைவி சுட்ட 'பை'யைத்தான் ஏலம் எடுக்க வேண்டும், அதுவும் பக்கத்து வீட்டுக்காரி சுட்டதைவிட ஒரு டாலராவது கூடுதலாக. இத்தனைக்கும் பிறகு சேர்ந்த பணத்தில் கூரையின் ஒரு மூலையை மூடலாம். ஒழுகியது நாலு மூலையிலும்.

அப்போதுதான் அரிஸோனாவிலிருந்து மில்டன் லாங்செத்தின் கடிதம் வந்தது. குளிருக்குப் பயந்து ஓடிய குடும்பத்தின் வாரிசு, பாலைவனத்தில் ஏ.சி. விற்றுக் கோடீஸ்வரன் ஆகியிருந்தார். முன்னோடிகள் தினத்துக்கு, ஜூலை மூன்றாம் சனிக்கிழமை, தாம் வருவதாகவும், தம் கொள்ளுப்பாட்டி வெண்ணெய் கடைந்த பீப்பாயை ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும் என்றும், கூரைச் செலவு முழுவதையும் ஏற்பது பற்றி யோசிப்பதாகவும் எழுதியிருந்தார். வெர்லின் அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் விரித்துக் காட்டினார்.

முன்னோடிகள் தினத்துக்கு முந்தின இரண்டு நாளும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பழைய சாமான் விற்பனை. அதிலும் வருவது கூரைக்குத்தான். நடத்துகிறவள் ஆர்டிஸின் தோழி லவான். இங்கே ஒரு விஷயம் உண்டு. ஸ்டோர்டாலில் வயதானவர் ஒருவர் போய்ச் சேர்ந்தால், பிள்ளைகள் வீட்டைக் காலி செய்து சாமானை இரண்டு வண்டியில் ஏற்றுவார்கள். ஒரு வண்டி அருங்காட்சியகத்துக்கு, ஒரு வண்டி பழைய சாமான் விற்பனைக்கு. இரண்டிலும் அதே துருப்பிடித்த இஸ்திரிப்பெட்டி, அதே ஓட்டைக் கெட்டில், அதே உடைந்த நாற்காலி. எது வரலாறு, எது குப்பை என்பது ஓட்டுகிறவன் எந்தப் பக்கம் திருப்புகிறான் என்பதைப் பொறுத்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆர்டிஸ் அருங்காட்சியகத்துக்குப் போய் விளக்கைப் போட்டாள். லாங்செத் பீப்பாய் இருந்த இடத்தில் ஒரு ஐஸ்கிரீம் வாளி இருந்தது. பாதி நிறைந்திருந்தது.

வெர்லினுக்குப் போன் போட்டாள்.

"அதுவா? அதுக்கு நேர் மேல சொட்டுச்சு. புதன்கிழமை நான்தான் தூக்கிட்டுப் போய் சர்ச் கீழ்த்தளத்துல பத்திரமா வச்சேன்."

"சர்ச் கீழ்த்தளத்துல எங்க?"

"அங்கதான், மேஜைக்குப் பக்கத்துல. மத்த சாமான்..." வெர்லினின் குரல் அங்கேயே நின்றுவிட்டது.

ஆர்டிஸ் போனை வைத்துவிட்டுத் தேவாலயத்துக்கு ஓடினாள். லவான் கடைசிக் காபிக் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"லவான், இங்க ஒரு வெண்ணெய்ப் பீப்பாய் இருந்துச்சா?"

"இருந்துச்சே. விளிம்புல விரிசல் விட்டு, அங்கங்க நீலப் பெயின்ட்டு ஒட்டிக்கிட்டு, பார்க்கவே சகிக்கல. நேத்துக் காலையில முதல் ஆளா வந்தவங்க வாங்கிட்டாங்க. ஆறு டாலர் போட்டிருந்தேன், நாலுக்குக் கேட்டாங்க, தொலையட்டும்னு கொடுத்துட்டேன். ஏன்டி, உனக்கு வேணுமா? முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"யார் வாங்கினது?"

"கூட்டத்துல யாருக்குத் தெரியும்? லீவுக்கு ஏரிக்கரை வீட்டுக்கு வர்ற வெளியூர்ப் பொம்பளைங்க மாதிரி தொப்பி போட்டிருந்தா. முகத்தைக் கண்டேனா!"

ஆர்டிஸ் வெளியே வந்தாள். இருபத்தாறு வருடம் தூசி தட்டிய பொருள் நாலு டாலருக்குப் போய்விட்டது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

வாசலில் வெர்லின் வண்டியை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஆர்டிஸின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. கொஞ்ச நேரம் தன் பூட்ஸைப் பார்த்தார். பிறகு அந்த ஊர் வழக்கப்படி வானிலையிலிருந்து தொடங்கினார்.

"நாளைக்கு மழை இருக்காதுங்கிறாங்க."

"சொல்ல வந்ததைச் சொல்லு வெர்லின்."

"உங்க வீட்ல ஒரு பீப்பாய் இருந்துச்சு இல்ல?"

ஆர்டிஸ் அவரைத் தாண்டி நடக்க ஆரம்பித்தாள்.

"ஒரே ஒரு நாளைக்கு ஆர்டிஸ். அந்த மனுஷன் பொறந்ததிலிருந்து அதைப் பார்த்ததே இல்ல. எல்லாப் பீப்பாயும் பீப்பாய்தானே!"

"அப்படியா? நான் கொண்டு வந்தப்ப நீ அப்படிச் சொல்லலியே."

"கூரை போச்சுன்னா மியூசியம் போச்சு. நீயும்தானே இத்தனை வருஷம் உழைச்ச?"

"எனக்கு ஒரு தகடு வேணும். பிராட்டன், 1884."

"ஜனவரி மீட்டிங்ல பார்ப்போம்."

"பார்ப்போம்னா நான் வீட்டுக்குப் போறேன்."

வெர்லின் தொப்பியைத் தலையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "சரி. தேதியை நாலு மாசம் தள்ளிப் போடறேன். போதுமா?" என்றார்.

அன்று மாலை மாரிட் பிராட்டனின் பீப்பாய் ஒருவழியாக அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தது. பட்டுக்கயிற்றுக்கு அந்தப் பக்கம், நல்ல வெளிச்சத்தில், ராஜமரியாதையோடு. முன்னால் இருந்த அட்டையை ஆர்டிஸ் தன் கையாலேயே நிமிர்த்தி வைத்தாள். 'லாங்செத் குடும்பத்தின் வெண்ணெய்ப் பீப்பாய், 1881.' அவள் தட்டச்சு செய்த அட்டைதான்.

சனிக்கிழமை மில்டன் லாங்செத் வந்தார். வெயிலில் வறுபட்ட முகம், வெள்ளைக் கால்சட்டை, வாசனைத் திரவியம். பீப்பாயைப் பார்த்தார். கயிற்றைத் தாண்டிப் போய் இரண்டு கையாலும் அதைத் தழுவிக்கொண்டார். பக்கவாட்டில் கைப்பிடி அளவுக்குக் கருகிய தழும்பு ஒன்று இருந்தது. ஆர்டிஸின் அத்தை ஒருத்தி, சின்ன வயதில், சூடான வாணலியை அதில் சாய்த்து வைத்ததால் வந்தது.

"இதோ! இதோ!" என்று மில்டன் தழும்பைத் தடவினார். "புல்வெளித் தீ! எங்க தாத்தா சொல்லிச் சொல்லி அழுவார். தீ வீட்டு வாசல் வரைக்கும் வந்துச்சாம். அவங்க அம்மா குழந்தையை விட்டுட்டு இந்தப் பீப்பாயைத்தான் முதல்ல தூக்கினாங்களாம்!"

"இருக்கும்," என்றாள் ஆர்டிஸ். "சில குடும்பத்துல அப்படித்தான்."

மில்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு காசோலைப் புத்தகத்தை எடுத்தார். எழுதிக் கிழித்து வெர்லினிடம் நீட்டினார். வெர்லின் தொகையைப் பார்த்தார். முழுக் கூரை. அவர் முகம் சிவந்துவிட்டது.

"ஐயோ, வேண்டாங்க. இது ரொம்ப அதிகம்," என்றார்.

ஸ்டோர்டாலில் எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை, உங்கள் மனது கோணக்கூடாது என்பதற்காக, என்று இழுத்தபடி வாங்கிக்கொள்ள வேண்டும். காபிக்கும் அதே, கேக்குக்கும் அதே, காரைப் பள்ளத்திலிருந்து இழுத்துவிடுவதற்கும் அதே. கொடுக்கிறவருக்கும் இது தெரியும். ஆனால் மில்டனின் குடும்பம் ஊரை விட்டுப் போய்ப் பல தலைமுறை ஆகியிருந்தது.

"நிஜமாவா?" என்றார் மில்டன்.

"நிஜமாத்தான். நாங்க எப்படியோ சமாளிச்சுக்குவோம்," என்றார் வெர்லின். இரண்டாவது தடவை. மூன்றாவதுக்குத் தொண்டையைச் செருமித் தயாராகிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு சுயமரியாதை உள்ள ஜனங்க!" என்று நெகிழ்ந்துபோன மில்டன் காசோலையை இரண்டாக மடித்துப் பைக்குள் வைக்கப் போனார்.

வெர்லினுக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அறுபத்தெட்டு வருடப் பழக்கம் நாக்கைப் பிடித்துக்கொண்டது. சுற்றி நின்ற இருபது பேரும் தரையைப் பார்த்தார்கள். ஊரே கண்ணுக்கு முன்னால் கூரையில்லாமல் நிற்கிறது, கேட்டு வாங்க ஒருவருக்கும் நாக்கு எழவில்லை.

ஆர்டிஸ் கையை நீட்டினாள். "இங்க கொடுங்க," என்றாள்.

மில்டன் கொடுத்தார். ஆர்டிஸ் அதைத் தன் கைப்பையில் போட்டு மூடினாள். முதல் தடவையிலேயே வாங்கிக்கொண்ட அந்தக் கேவலத்தைப் பற்றி ஊரில் செப்டம்பர் வரைக்கும் பேசினார்கள். புதுக் கூரைக்கு அடியில் உட்கார்ந்துதான் பேசினார்கள்.

செப்டம்பரில் முடி சுருட்டிக்கொள்ள ஆர்டிஸ் டார்சியின் சலூனுக்குப் போனாள். படியேறியவள் அப்படியே நின்றாள். வாசலில் லாங்செத் பீப்பாய் இருந்தது. விரிசல் விட்ட விளிம்பு, நீலப் பெயின்ட்டு, எல்லாம் அதேதான். உள்ளே மண் நிரப்பி டார்சி ஊதாநிறப் பெட்டூனியாப் பூச்செடி வைத்திருந்தாள்.

"நல்லா இருக்குல்ல?" என்றாள் டார்சி. "சர்ச் சேல்ல நாலு டாலர். தண்ணி நிக்காம இருக்க அடியில மூணு ஓட்டை போட்டேன். ட்ரில்லு உள்ள எறங்கவே மாட்டேன்னுச்சு, அவ்வளவு கெட்டி மரம்."

"எனக்குக் கொடுப்பியா?"

"பூ வாடினப்புறம் எடுத்துக்கோங்க. காசெல்லாம் வேண்டாம்."

டார்சி இரண்டு தடவை வேண்டாம் என்றாள், மூன்றாவது தடவை பத்து டாலரை வாங்கிக்கொண்டாள். அக்டோபர் கடைசியில் ஆர்டிஸ் பீப்பாயை எடுத்துக்கொண்டு வந்து கார் கொட்டகையில் வைத்தாள். வெர்லினிடம் சொல்லி, தன் பீப்பாயை மீட்டுக்கொண்டு இதை அதன் இடத்தில் வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். தகட்டுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாரே, ஜனவரி வரட்டும் என்று பொறுத்தாள்.

ஜனவரி வந்தது. வெளியே மைனஸ் முப்பது. குழுவின் ஐந்து பேரும் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். வெர்லின் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். கடைசித் தேதியை 1884 ஏப்ரல் வரைக்கும் தள்ளும் தீர்மானத்தை அவரே படித்தார், அவரே கை தூக்கினார். நிறைவேறியது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆனா மூணாவது விதின்னு ஒண்ணு இருக்கு," என்றார். "தகடு வைக்கணும்னா அந்தக் குடும்பத்தோட பொருள் ஒண்ணு மியூசியத்துல இருக்கணும். பிராட்டன் பொருள் எதுவும் நம்மகிட்ட இல்லையே ஆர்டிஸ். எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா?"

அவருக்குப் பின்னால், கயிற்றுக்கு அந்தப் பக்கம், மாரிட்டின் பீப்பாய் நின்றுகொண்டிருந்தது. மில்டன் கேட்டுக்கொண்டபடி அட்டையில் 'புல்வெளித் தீயிலிருந்து மீட்கப்பட்டது' என்று ஒரு வரி கூடியிருந்தது. வெர்லின் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இதைச் சொல்லிவிட்டு அவர் காபியை எடுத்துக் குடித்ததைத்தான் ஆர்டிஸால் தாங்க முடியவில்லை.

"ஒரு நிமிஷம்," என்று எழுந்து காருக்குப் போனாள். மாற்றி வைப்பதற்காக ஏற்றி வந்திருந்த லாங்செத் பீப்பாயைத் தூக்கிக்கொண்டு வந்து, வெர்லினின் காபிக் குவளைக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்தாள். அடியிலிருந்து கொஞ்சம் மண்ணும் ஒரு காய்ந்த பெட்டூனியாவும் உதிர்ந்தன.

"எங்க வீட்டுது," என்றாள். "கொடுக்கறேன். வச்சுக்கோங்க."

குழுவிலிருந்த லவான் எட்டிப் பார்த்தாள். "இது நான் வித்த... ஏன்டி, இது அச்சு அசலா..."

"அச்சு அசலா எது மாதிரி இருக்கு?" என்று ஆர்டிஸ் கேட்டாள். லவானைப் பார்த்து இல்லை, வெர்லினைப் பார்த்து. "சொல்லேன் வெர்லின். உனக்குத்தான் எல்லாப் பீப்பாயும் தெரியுமே."

வெர்லின் விரிசலைப் பார்த்தார். நீலப் பெயின்ட்டைப் பார்த்தார். திரும்பி, கயிற்றுக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார். நல்ல கூரை, மில்டனுடைய கூரை. காது இரண்டும் சிவந்துபோயின.

"பிராட்டன் பீப்பாயை ஏத்துக்கறதா தீர்மானம்," என்றார் கம்மிய குரலில். ஐந்து கை எழுந்தன. லவானின் கைதான் கடைசியாக எழுந்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"ரொம்ப சிரமமா இருந்தா தகடு வேண்டாம்னு..." என்று, ஊர் வழக்கப்படி அவள் சொல்ல வேண்டியதை எடுத்துக்கொடுத்து வெர்லின் இழுத்தார்.

"வேணும்," என்றாள் ஆர்டிஸ்.

இருபத்து நாலாவது தகடு மார்ச்சில் சுவரில் ஏறியது. பிராட்டன், 1884. ஆர்டிஸ் அதையும் மற்றவற்றோடு சேர்த்துத்தான் துடைத்தாள், கொஞ்சம் அழுத்தித் துடைத்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் இரண்டு பீப்பாயும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன, ஒன்றின் பெயரை மற்றொன்று சுமந்துகொண்டு. அடுத்தவர் பெயரில் மாரிட் நிற்பது ஆர்டிஸுக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் உள்ளே நிற்கிறாள், நல்ல வெளிச்சத்தில், ஒரு சொட்டும் மேலே விழாமல்.

அடுத்த ஜூலையில் மில்டன் லாங்செத் மறுபடியும் வந்தார். கூரையை ஒரு பார்வை, தீத்தழும்புக்கு ஒரு முத்தம், கொஞ்சம் கண்ணீர். பிறகு பக்கத்தில் இருந்த பீப்பாயை ஒற்றை விரலால் தள்ளிச் சாய்த்துப் பார்த்தார்.

"இது எதுக்கு இங்க? விளிம்பு பிளந்திருக்கு. அடியில வேற மூணு ஓட்டை!" என்று சிரித்தார். "இதுலயா வெண்ணெய் கடைஞ்சாங்க? எந்தக் கிறுக்குக் குடும்பமோ!"

வெர்லின் வேகமாக ஜன்னல் பக்கம் போய், நாளைக்கு மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார். ஆர்டிஸ் பீப்பாயை நேராக நிமிர்த்தி வைத்தாள். இருபத்தேழு வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததே இல்லை.

"எங்க குடும்பம்தாங்க," என்றாள் பணிவாக. "நாலு மாசம் லேட்டா வந்தவங்க. எங்ககிட்ட வேற என்ன இருக்கும்?"